கைராசி எந்தப் பிரிவில் வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த நீரிழிவு பற்றிய கட்டுரை, தங்கள் உடல்நலம் யார் கையில் இருக்கிறது என்று நோயாளிகள் நம்புவதை அளக்கும் வினாத்தாளில் ‘குறைந்த மதிப்பெண்’ பெற்றவர்களை விதியை நம்புகிறவர்கள் என்று சொல்லியிருந்தது. செவிலியர் கல்லூரியில் அந்த வினாத்தாளை மாணவியர் கையில் கொடுத்து நோயாளிகளிடம் அனுப்பியவள் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966-இல் வெளியிட்ட அளவுகோல், நடப்பதற்குத் தானே காரணம் என்பவரையும் புறக்காரணங்களைச் சொல்பவரையும் ஒரே கோட்டின் இரு முனைகளில் நிறுத்தியது. உடல்நலத்துக்கென கென்னத் வால்ஸ்டன் குழுவினர் 1976-இல் வெளியிட்டதும் அப்படித்தான். மருத்துவரையும் அதிர்ஷ்டத்தையும் ஒரே மூட்டையில் கட்டுவது சரியில்லை என்று கண்டு, 1978-இல் அவர்களே அதை ‘தான்’, ‘செல்வாக்குள்ள பிறர்’ (மருத்துவர் இதில் வருவார்), ‘தற்செயல்’ என மூன்று பிரிவுகளாக்கினார்கள். பிரிவுக்கு 6 வீதம் 18 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். ஆக, ஒரு பிரிவில் 6 முதல் 36 வரை கிடைக்கும். மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக்க இதில் இடமே இல்லை. ஒருவரே முதல் பிரிவிலும் மூன்றாம் பிரிவிலும் 30-ஐத் தாண்டலாம். நடைப்பயிற்சியையும் விடாமல் சனிப்பெயர்ச்சிப் பரிகாரத்தையும் விடாமல் செய்யும் பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இது யாருக்கும் வியப்பளிக்காது. என் மாணவியரும் மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதி வந்ததுண்டு; முதல் ஆண்டில் நானும் கவனிக்காமல் கையெழுத்திட்டேன்.

தமிழில் கேட்கும்போது வேறொரு சிக்கலும் எழுகிறது. புறநோயாளிகள் பகுதியில் ஓர் அம்மாள், “அந்த டாக்டர் கைராசிக்காரர், அவர் கை பட்டாலே பாதி நோய் போயிடும்” என்றார். இது மருத்துவர் மீதுள்ள நம்பிக்கையா, அதிர்ஷ்டத்தின் மீதுள்ளதா? எங்கே குறிப்பது என்று தெரியாமல் மாணவி என்னைப் பார்த்தாள், எனக்கும் தெரியவில்லை. அதேபோல, ‘முருகன் பார்த்துக்கொள்வான்’ என்பவரின் பதிலைத் தற்செயல் என்று குறித்தால் அவரே கோபித்துக்கொள்வார். கடவுளுக்கென்றே 6 கூற்றுகளை வால்ஸ்டனும் உடனாய்வாளர்களும் 1999-இல் தனியே வகுத்தது காரணமில்லாமல் அல்ல.

தவிர, குறிப்பிட்ட ஒரு நோய் உள்ளவர்களுக்கென்றே 1994-இல் இதே வினாத்தாளின் ‘சி’ படிவம் வந்துவிட்டது. அதில் மருத்துவருக்கு 3 கூற்றுகள், மற்றவர்களுக்கு 3 கூற்றுகள் எனத் தனித்தனியே உள்ளன. மருமகள் வைக்கும் குழம்பைப் பொறுத்துத்தான் தன் சர்க்கரை ஏறி இறங்குகிறது என்று நம்பும் மாமியாரின் பதில் மருத்துவர் கணக்கில் சேராமல் இருக்க இந்தப் பிரிவு வேண்டும்.

கட்டுரையாளர் பயன்படுத்தியது எந்தப் படிவம், ஒவ்வொரு பிரிவிலும் கிடைத்த எண்கள் என்ன, ‘விதி’ என்ற சொல் வினாத்தாளிலேயே இருந்ததா அல்லது அவர் பின்னர் சேர்த்ததா என்பதை அடுத்த இதழில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கல்லூரி ஆசிரியை,
திருச்சி