24 பாடங்களை மூடி வை

அன்பு நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிவிட்டது. பதில் போடாதது என் தப்புதான், மன்னித்துவிடு. வீட்டில் எல்லாரும் சுகம். பெரியக்காவிடம் உன் சேதியைச் சொன்னேன். "அவன் இன்னும் அட்டவணை போடுறதை விடலையா?" என்றார்கள்.

போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்த 11 பேரில் 4 பேர்தான் இப்போது ஒழுங்காகச் சபைக்கு வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதற்கு மருந்தாக 24 பாடம் தயாரித்திருக்கிறாய். முழுதும் வாசித்தேன். உபதேசத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் மூடி வை. மத்தேயு 28:20-ஐ இன்னொரு தடவை பார்: "கைக்கொள்ளும்படி" உபதேசம்பண்ண இயேசு சொல்லியிருக்கிறார். உன் பாடத்தின் கடைசியில் இருக்கிற கேள்விகள் எல்லாம் தெரிந்துகொண்டானா என்றுதான் பார்க்கின்றன. செய்தானா என்று ஒரு கேள்விகூட இல்லை.

பாடத்துக்குப் பதிலாக ஒரு சின்னக் குழு ஆரம்பி. மூன்று பேரை எடு, நாலுக்கு மேல் வேண்டாம். ஆறு பேரானால் இரண்டு பேர் பேசாமலே தப்பித்துக்கொள்வார்கள். ஆண்களோடு நீ உட்கார். பெண்களுக்குப் பெரியக்கா மாதிரி முதிர்ந்த ஒருவர். தீத்து இரண்டாம் அதிகாரம் சொல்வதும் அதுதான். யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கும்போது நன்றாகப் பாடுகிறவன், நன்றாகப் பேசுகிறவன் பக்கம் உன் கண் போகும், உன்னை எனக்குத் தெரியாதா! பவுல் தீமோத்தேயுவிடம் கேட்டது "உண்மையுள்ள மனுஷர்". ஒரு சின்ன வேலை கொடுத்துப் பார்: நாற்காலி போட ஏழு மணிக்கு வா என்றால் ஏழுக்கு வருகிறானா?

வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், மாற்கு சுவிசேஷம். வாரத்துக்கு ஓர் அதிகாரம் என்றால் 16 வாரம். நீண்ட அதிகாரத்தை இரண்டாகப் பிரித்துக்கொள், அவசரமில்லை. முதல் அரை மணி நேரம் போன வாரத்துக்கு. அடுத்த அரை மணி நேரம் வாசிப்பு. கடைசி அரை மணியில் ஒவ்வொருவரும் அடுத்த சந்திப்புக்குள் செய்யப்போகிற ஒரே ஒரு காரியத்தை எழுதி, அதற்காக ஜெபிக்க வேண்டும். "இன்னும் அன்பாயிருப்பேன்" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதே. "புதன்கிழமை சாயங்காலம் அண்ணனுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்பேன்" என்று எழுதட்டும். யாரிடம், என்ன, எப்போது என்ற மூன்றும் அதில் இருக்கவேண்டும்.

எல்லாக் குழுவும் சறுக்குவது அந்த முதல் அரை மணியில்தான். பாட்டு, நலவிசாரிப்பு என்று நேரம் கரையும். "சரி, இன்னைக்குப் பகுதிக்கு வருவோம்" என்று தலைவரே தப்பிக்க வழி திறந்துவிடுவார். நீ அப்படிச் செய்யாதே. "போன வாரம் எழுதினது என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடு. மனசுக்குள் பத்துவரை எண்ணு. தலை குனிந்திருக்கும், பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பான். பிறகு "செய்யலண்ணா" என்பான். அப்போது "ஏன் செய்யல?" என்று கேட்டால் சாக்குதான் வரும். "எது தடுத்துச்சு?" என்று கேள், உண்மை வரும். தடை பெரிதாக இருந்தால் படியைச் சின்னதாக்கு: போன் பண்ண முடியாவிட்டால் இரண்டு வரி மெசேஜ். செய்தவனைவிட செய்யாமல் வந்து சொன்னவனை அதிகமாக மதி, இல்லாவிட்டால் அடுத்த வாரம் அவன் வரமாட்டான்.

1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் சபையார் கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவு பண்ணினார்கள். ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவர் என்று வீடு வீடாகப் போய் வசூலித்தார்கள். போன இடத்தில்தான் எவன் குடிக்கிறான், எவன் மனைவியோடு சண்டை போடுகிறான் என்பது தெரியவந்தது. சின்னக் குழுவாக வாரந்தோறும் கூடி ஒருவரையொருவர் விசாரிக்கிற மெதடிஸ்டுகளின் வகுப்புக் கூட்டம் முளைத்தது அங்கேதான். கடன் வசூலிக்கப் போனவர்களுக்கு அகப்பட்டது ஞாயிறு ஆராதனையில் நமக்கு அகப்படாது, யோசித்துப் பார்.

இரண்டு எச்சரிக்கை. அறையில் சொன்னது அறையோடு இருக்கவேண்டும். ஒருவனுடைய அறிக்கை "ஜெபக்குறிப்பு" என்ற பேரில் ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டால் அந்தக் குழு அன்றே செத்தது. ஆனால் ஒரு குழந்தைக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் இரகசியம் காக்கவே கூடாது, சட்டப்படி சொல்லவேண்டிய இடத்தில் சொல்லவேண்டும். இதை முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிடு. அடுத்தது, கல்யாணம், வேலை, பணம் என்று ஒவ்வொன்றுக்கும் உன் அனுமதி கேட்க ஆரம்பிப்பார்கள். கேட்கும்போது மனசுக்கு இதமாக இருக்கும், அங்கேதான் ஆபத்து. வேதம் என்ன சொல்கிறது, உங்க வீட்டில் என்ன சொல்றாங்க என்று திருப்பிக் கேள், தீர்ப்புச் சொல்லாதே.

மூன்றாம் மாதத்திலிருந்து முறை வைத்து அவர்களே நடத்தட்டும், நீ ஓரத்தில் உட்கார். ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போ. இயேசு பன்னிரண்டு பேரை ஏற்படுத்தினபோது "தம்மோடுகூட இருக்கவும்" என்றுதானே மாற்கு 3:14-ல் முதலில் வருகிறது, அனுப்பியது அதற்கப்புறம். ஒரு வருஷத்தில் ஒவ்வொருவனும் தனக்கென்று இரண்டு பேரைத் தேடிக்கொள்ளவேண்டும் என்று இப்போதே சொல்லிவை, பிறகு சொன்னால் பிரிய மனம் வராது.

விட்டுப்போன ஏழு பேரை மறந்துவிடாதே. அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடாமல், நீ போய்ப் பார்.

இரண்டாம் சந்திப்பு முடிந்ததும் எழுது. நீ பத்து எண்ணி முடிப்பதற்குள் யார் முதலில் வாயைத் திறந்தது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்