கொரிய மொழியில் நலம் விசாரிப்பதைத் தமிழ் வழியே கற்பிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரிய மொழி கற்கும் ஆர்வம் நம் இளைஞர்களிடையே பெருகிவரும் இவ்வேளையில், அம்மொழியில் ஒருவரை நலம் விசாரிக்கும் முறை பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே சொல்லித்தரப்படுவதும், அதனால் நமக்கு எளிதில் கைவரக்கூடிய ஒன்று வீணாகக் கடினமாகிப் போவதும் குறித்து எழுத விரும்புகிறேன். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியதை ஒட்டி, உதிரிபாகம் செய்யும் கொரிய நிறுவனங்கள் பலவும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு வந்தன. அத்தகைய தொழிற்சாலைகளில் பணிபுரிவோருக்கு நான் கொரிய மொழி கற்பித்து வருகிறேன்.

தொடக்கநிலைப் பாடங்களும் கைபேசிச் செயலிகளும் ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்பதற்கு நேராக ‘ஒத்தொகே ஜினேசேயோ’ என்ற தொடரைத் தந்துவிடுகின்றன. தொடரில் பிழை இல்லை. ஆனால், சில காலமாகப் பார்க்காமல் இருந்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. என் மாணவரான இளம் பொறியாளர் ஒருவர், முந்தைய நாள் மாலை வரை உடனிருந்த கொரிய மேலாளரிடம் மறுநாள் காலை வாயிலிலேயே இதைக் கேட்பதை வழக்கமாக வைத்திருந்தார். மேலாளரோ ஒவ்வொரு முறையும் என்ன சொல்வதென்று விளங்காமல் சற்று நின்று, பிறகு தலையசைத்துவிட்டுப் போவாராம். அன்றாடம் காண்பவரிடம் தலையைச் சற்றுத் தாழ்த்தி ‘அன்யோங்ஹாசேயோ’ என்றாலே போதும். நலமா என்று கேட்கும் வடிவம் அதற்குள்ளேயே இருக்கிறது. அதற்கு யாரும் விவரமாக விடை சொல்வதில்லை, அதையே திருப்பிச் சொல்வார்கள். நெடுநாள் கழித்துச் சந்திப்பவரிடம் ‘ஜால் ஜினேஷ்யோஸ்ஸோயோ’, அதாவது இத்தனை நாளும் நன்றாக இருந்தீர்களா என்று கேட்பது இயல்பு.

உண்மையில் கொரியர்களின் நல விசாரிப்பு பெரிதும் சோற்றைச் சுற்றியே அமைகிறது. நண்பனிடம் ‘பாப் மொகொஸ்ஸோ’, அதாவது சோறு சாப்பிட்டாயா என்பார்கள். அலுவலகத்தில் மூத்தவரிடம் அது ‘ஷிக்சா ஹாஷ்யோஸ்ஸோயோ’ என்றாகும். பாட்டி தாத்தாவிடமோ உணவைக் குறிக்கும் சொல்லும் உண்பதைக் குறிக்கும் சொல்லும் ஒருசேர மாறி, ‘ஜின்ஜி டுஷ்யோஸ்ஸோயோ’ என்று வரும். வாற்கோதுமை அறுவடைக்கு முந்தைய வசந்தகாலப் பஞ்சத்தையும், 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரையொட்டிய பசியையும் இவ்வழக்கத்துக்குக் காரணமாகக் கொரியர்கள் பலர் சொல்வதுண்டு. காரணம் எதுவாயினும், வேலைக்காக இங்கு வந்திருக்கும் கொரிய இளைஞரைத் தொலைபேசியில் அழைக்கும் தாய் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். ஆங்கில விளக்கத்தில் படிப்பவர்களுக்கு, இது விருந்துக்கு அழைப்பதாகாது என்று தனிக்குறிப்பே எழுத வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்தவரிடம் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டே பேச்சைத் தொடங்கும் நமக்கு அந்தக் குறிப்பு எதற்கு?

மரியாதையும் அப்படித்தான். கேட்கப்படுபவர் பெரியவரானால் வினைச்சொல்லின் நடுவே ‘ஷி’ என்ற ஒலி சேரும். விடை சொல்பவர் தம்மைப் பற்றிப் பேசும்போது அதை விட்டுவிட வேண்டும். ‘இருக்கீங்களா’ என்ற கேள்விக்கு ‘இருக்கேன்’ என்று பணிவாக விடையளிக்கத் தெரிந்த தமிழருக்கு இது புதிதன்று. அவ்விடையின் முன்னால் கொரியர்கள் ‘டொக்புனே’ என்ற சொல்லைச் சேர்ப்பதுண்டு. ‘உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்’ என்று நம் பெரியவர்கள் சொல்வது ஏறக்குறைய இதே உணர்வுதான்.

நாம் மிகுந்த கவனம் கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. நம்மிடம் ‘நீங்கள்’ என்ற சொல் எல்லாப் பெரியவர்க்கும் பொருந்திவிடுகிறது. கொரிய மொழியில் அதற்கு ஈடாக அகராதிகள் தரும் ‘டாங்ஷின்’ என்ற சொல்லைக் கணவன் மனைவியர் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். மற்றவரிடம் நேருக்கு நேர் சொன்னால் சண்டைக்கு இழுப்பதுபோல் ஒலிக்கக்கூடும். ஆகவே மேலாளரைப் பதவிப்பெயருடன் ‘நிம்’ சேர்த்து ‘பூஜாங்நிம்’ என்றும், ஆசிரியரை ‘சொன்செங்நிம்’ என்றும் விளித்துவிட்டு, முன்னிலைச் சொல் இல்லாமலே நலம் கேட்பதுதான் முறை. மாமா, அக்கா என்று உறவு சொல்லி விசாரிக்கும் பழக்கம் நமக்கு இருப்பதால், இதுவும் சில நாள் பயிற்சியில் படிந்துவிடும்.

எனவே தங்கள் நாளிதழின் இளைஞர் பகுதியில் வாரம் ஒருமுறை கொரிய மொழிப் பாடம் ஒன்றை, ஆங்கிலத்தை இடையில் வைக்காமல் நேரடியாகத் தமிழிலேயே வெளியிட வேண்டுகிறேன். முதல் பாடம் நலம் விசாரிப்பதாகவே இருக்கட்டும். அதில் ஒவ்வொரு தொடருக்கும் அருகில், அதை யாரிடம், எத்தனை நாள் கழித்துச் சந்திக்கும்போது கேட்கலாம் என்பதையும் சேர்த்து அச்சிட்டால் என் மாணவர்களைப் போன்ற பலருக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கொரிய மொழி ஆசிரியை ஒருவர்,
ஸ்ரீபெரும்புதூர்