சுஜாவின் ரிப்போர்ட் பார்த்தேன்

களியக்காவிளை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள புஷ்பா,

உன் கடிதமும் சுஜாவின் தைராய்டு ரிப்போர்ட் ஜெராக்ஸும் வியாழக்கிழமை கைக்கு வந்தன. பாட்டி ஆகப்போகிறாய் என்று நாலு வரி சந்தோஷமாக எழுதிவிட்டு, ஐந்தாவது வரியிலேயே அழுதிருக்கிறாய். மை கலைந்திருந்ததைப் பார்த்ததும் அன்றைக்கே பதில் எழுத நினைத்தேன். அம்மைக்கு மூட்டுவலி கூடிப்போய், பாறசாலை தாண்டித் திருவனந்தபுரம் வரைக்கும் இரண்டு நாள் அலைச்சல். அதனால்தான் தாமதம், மன்னித்துக்கொள்.

முதலில் விஷயத்துக்கு வருகிறேன். உன்னைப் பயமுறுத்தியவை அந்தத் தாளில் தடித்த எழுத்தில் இருக்கும் இரண்டு எழுத்துகள். டி.எஸ்.எச். 0.09, பக்கத்தில் 'எல்'. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 13.1, பக்கத்தில் 'எச்'. ஒன்று குறைவு, ஒன்று அதிகம். 'தைராய்டு கூடிப்போச்சா, குறைஞ்சு போச்சா, ஒண்ணும் புரியலையே' என்று கேட்டிருக்கிறாய். மார்த்தாண்டத்தில் லேப்பில் 22 வருஷம் ரத்தம் எடுத்தவள் என்ற உரிமையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முடிவு சொல்லவேண்டியது சுஜாவைப் பார்க்கும் டாக்டர்தான்.

டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பியிலிருந்து வருவது இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டுக்குப் போடும் சத்தம் அது. ரப்பர் தோட்டத்துக் கங்காணியை நினைத்துக்கொள். வேலை மந்தமானால் அவர் குரல் ஏறும், வேலை மளமளவென்று நடந்தால் குரல் அடங்கும். அதனால் டி.எஸ்.எச். ஏறியிருந்தால் தைராய்டு மந்தம், இறங்கியிருந்தால் வேகம். நிறையப் பேர் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள்.

சுஜாவுக்குக் குரல் அடங்கியதற்குக் காரணம் அவள் வயிற்றில் இருக்கிறது. கர்ப்பம் தங்கியதா என்று வீட்டில் சிறுநீரில் அட்டை வைத்துப் பார்ப்போமே, அதில் கோடு காட்டுவது எச்.சி.ஜி. என்ற ஹார்மோன். அதன் அமைப்பில் ஒரு பாதி டி.எஸ்.எச். போலவே இருக்கும். எட்டிலிருந்து பதினோரு வாரத்துக்குள் அது உச்சத்துக்குப் போகும்போது தைராய்டையும் சேர்த்தே தட்டி எழுப்பும். தைராய்டு கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும், கங்காணிக்குக் கத்த வேண்டிய அவசியமே இருக்காது. இரட்டைப் பிள்ளை என்றாலோ, வாந்தி கடுமையாக இருந்தாலோ டி.எஸ்.எச். இன்னும் கீழே போவது உண்டு. சுஜாவுக்குத் தண்ணீர்கூட நிற்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். ரத்தம் எடுத்தது சரியாகப் பத்தாவது வாரம். சேர்த்துப் பார்.

சரி, டி4 ஏன் அதிகம்? கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடும்போது, ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனைச் சுமந்து போகும் புரதமும் கூடும். சுமக்கிறவர்கள் கூடினால் மொத்தச் சுமையும் கூடும்தானே. பதினாறு வாரம் ஆகும்போது மொத்த டி4 சாதாரண அளவைப்போல ஒன்றரை மடங்கு வரை போகும். உடம்புக்கு உண்மையில் பயன்படுவது சுமையிலிருந்து இறங்கி நிற்கும் ஃப்ரீ டி4. தாளின் கடைசி வரியைப் பார், அது 1.4. அவர்கள் அச்சடித்திருக்கும் 0.8 முதல் 1.8 வரைக்குள்தான் இருக்கிறது. அந்த வரியில் தடித்த எழுத்து இல்லாததால் உன் கண்ணில் படவில்லை.

புஷ்பா, எனக்கு மனதில் உறுத்துவது ஒன்று உண்டு. வலது பக்கம் அச்சடிக்கிற அளவுகள் கர்ப்பம் இல்லாதவர்களுக்கு உரியவை. மெஷின் அந்த அளவுகளைப் பார்த்து 'எல்', 'எச்' என்று எழுத்தைப் போடுமே தவிர, எத்தனையாவது வாரம் என்று அதற்குத் தெரியாது. நானும் எத்தனையோ கர்ப்பிணிகளுக்கு அப்படியே கவரில் மடித்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் பேனாவால் 'பத்து வாரம்' என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். எத்தனை பிள்ளைகள் ராத்திரி தூங்காமல் இருந்தார்களோ! இப்போது தெரிந்தவர்கள் யார் ரிப்போர்ட் காட்டினாலும் முதலில் வாரத்தைக் கேட்டு எழுதிவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கிறேன்.

டி.எஸ்.எச். எதுவரை ஏறலாம் என்ற மேல் வரம்பிலும் குழப்பம் உண்டு. அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2011-இல் முதல் மூன்று மாதத்துக்கு 2.5 என்றும், அப்புறம் 3 என்றும் சொன்னது. 2017-இல் அவர்களே அதைத் தளர்த்தி, அந்தந்த ஊர்க் கர்ப்பிணிகளுக்கென்று அளவு இல்லாத இடத்தில் சுமார் 4 வரை போகலாம் என்றார்கள். நம் ஊரில் பல டாக்டர்கள் இன்னும் 2.5-ஐத்தான் பிடித்திருக்கிறார்கள். ஆகவே 3.2 வந்த ஒருத்திக்கு ஒரு டாக்டர் மாத்திரை எழுதுவார், இன்னொருவர் டி.பி.ஓ. ஆன்டிபாடி (உடம்பே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் டெஸ்ட்) பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பார். இரண்டு பேருமே தப்பு இல்லை.

என் மகள் ஷீபா கதை சுஜாவுடையதற்கு நேர் எதிர். அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தைராய்டு மந்தம், 50 மைக்ரோகிராம் மாத்திரை. கர்ப்பம் என்று தெரிந்த ஆறாவது வாரம் டி.எஸ்.எச். 5.8. டாக்டரம்மா 75 ஆக்கினார், பத்தாவது வாரம் 2.3-க்கு வந்தது. நிம்மதியாக இருந்தோம். பதினெட்டாவது வாரம் மறுபடி 4.9! அவள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கினேன். காலையில் பார்க்கிறேன், உள்ளங்கையில் மூன்று மாத்திரை. சின்ன வெள்ளை தைராய்டு மாத்திரை, சிவப்பு இரும்புச்சத்து, நீளமான கால்சியம். மூன்றையும் ஒரே வாயில் போட்டுப் பால் சாயாவோடு விழுங்கினாள். இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையை உடம்பில் ஏறவே விடாது, நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் தண்ணீரோடு அது, மத்தியானம் இரும்பு, ராத்திரி கால்சியம் என்று பிரித்து வைத்துவிட்டு வந்தேன். இருபத்திரண்டாவது வாரம் 2.4. டாக்டரம்மா தாளைப் பார்த்துச் சிரித்து, 'இனி பேடிக்கண்டா', இனி பயப்பட வேண்டாம் என்று மலையாளத்தில் சொன்னார். பிரசவம் முடிந்ததும் பழைய 50-க்கே இறக்கி, ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். பேரன் இப்போது குப்புற விழுந்து தவழப் பார்க்கிறான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உன் நாத்தனாரின் மருமகளும் உண்டாகியிருக்கிறாள், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள் என்று எழுதியிருக்கிறாய். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மருந்து வேண்டாம் என்று யாராவது நிறுத்தச் சொன்னால் கேட்கவே கூடாது. பிள்ளையின் தைராய்டு பன்னிரண்டு வாரம் வாக்கில்தான் வேலையைத் தொடங்குகிறது, பாதிக் கர்ப்பம் வரை தாயின் ஹார்மோனை நம்பித்தான் அதன் மூளை வளர்கிறது. மாத்திரை அளவு பெரும்பாலும் கூட்டத்தான் வேண்டியிருக்கும். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே டாக்டரிடம் போகச் சொல்.

சுஜாவுக்கு வருகிறேன். பெரும்பாலும் பதினாலிலிருந்து பதினெட்டு வாரத்துக்குள் இது தானாகச் சரியாகிவிடும், மாத்திரை வேண்டியிருக்காது. ஆனால் கழுத்து வீக்கம், கண் துருத்தல், கை நடுக்கம், படுத்திருக்கும்போதும் படபடப்பு இருந்தால் காத்திருக்கக் கூடாது. அது கிரேவ்ஸ் என்ற வேறு நோயாக இருக்கலாம், அதற்குத் தனி ஆன்டிபாடி டெஸ்ட் இருக்கிறது. இன்னொன்றும் கேள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை எடுக்கிறாளா? சில மெஷின்களில் அது டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் பொய்யாகக் காட்டிவிடும். எடுத்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, அடுத்த டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்தட்டும்.

மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) தின்றால் தைராய்டு வரும் என்று உன் மாமியார் சொன்னாராமே. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. மரச்சீனியில் இருக்கும் ஒரு பொருள் உடம்பில் மாறி, தைராய்டுக்குள் அயோடின் ஏறுவதைத் தடுக்கும். நன்றாக அவித்துத் தண்ணீரை இறுத்துவிட்டால், உணவில் அயோடினும் போதுமான அளவு இருந்தால் பயமில்லை. நம் அம்மைமார் அதோடு மீன் குழம்பு வைத்தார்களே, மீனில் அயோடின் உண்டு. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும். அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பிட விற்கக் கூடாது என்று 2006-இல் தடை வந்தும், உன் வீட்டில் சாக்குக் கல்லுப்புதான் என்று எனக்குத் தெரியும். சுஜா உன் வீட்டில் தங்கியிருக்கும்வரையாவது பாக்கெட் உப்பு வாங்கு.

இங்கே நாலு நாளாக மழை, ரப்பர் பால்வெட்டு நின்றுபோயிற்று. பின்புறத்துப் பலாச்சக்கை இரண்டு பழுத்து விழுந்தன. வற்றல் போட்டு வைத்திருக்கிறேன், தம்பி கோயம்புத்தூர் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். வாந்தி நின்றதும் சுஜாவுக்குக் கொடு. அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்று டாக்டரிடம் கேட்டு எழுது. அந்தத் தாள் வந்ததும் மேலே எத்தனையாவது வாரம் என்று சுஜா கையாலேயே எழுதச் சொல்லி அனுப்பிவை.

என்றும் உன்,
லீலா