பாண்டிக்கு வருவது பாட்டிலுக்கு மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வார இறுதிச் சுற்றுலா பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் புதுச்சேரிக்கு ஒதுக்கியிருந்த நாலு வரியில் மூன்று வரி மது விலை பற்றியது. நாற்பது வருஷமாக லாஸ்பேட்டையில் குடியிருக்கிறேன், இதெல்லாம் கேட்டுப் பழகிப்போனதுதான், கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. ஏனென்றால் அதே வாரம்தான் என் கல்லூரி நண்பர்கள் மூன்று பேர் வந்து மூன்று நாள் தங்கிவிட்டுப் போனார்கள், அதில் மதுரைக்காரன் போனில் கேட்ட முதல் கேள்வியே "மாப்ளே, அங்கே சரக்கு பாதி விலையாமே?" என்பதுதான்.

இன்னொருவன் கோயம்புத்தூர், குடிக்கவே மாட்டான். மூன்றாமவன் எங்கள் ஊர்ப் பிள்ளை, சொல்தா குடும்பம், அதாவது தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அந்த வழியில் இவர்கள் எல்லோரும் பிரான்சிலேயே தங்கிவிட்டார்கள். அவன் பெட்டியில் துணி சுற்றி ஒரு போர்தோ சிவப்பு ஒயின் பாட்டில் கொண்டுவந்தான். நான் செய்த அறிவாளித்தனம், பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கும் வரை அதைக் கார் டிக்கியில் வைத்தது. மே மாத வெயில். அன்று ராத்திரி திறந்தால் கொதிக்கவைத்த பழச்சாறு மாதிரி இருந்தது, அவன் ஒன்றும் சொல்லாமல் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டான். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பது அங்கே உள்ள குளிர் வீட்டின் அறைக்குச் சொன்னது, நம் ஊர் அறைக்கு இல்லை, குடிக்கும் முன் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைப்பதில் தப்பே இல்லை என்று அவன்தான் சொன்னான். மறுநாள் கடையில் வெள்ளை ஒயின் ஒன்று வாங்கினோம், நன்றாகக் குளிரவைத்து, வறுத்த வஞ்சிரத்தோடு. அருமை. ஆனால் மீன் குழம்போடு ஒயினே வேண்டாம், புளியும் மிளகாயும் சேர்ந்து அதைக் கசப்பாக்கி, தொண்டையில் எரிய வைத்துவிடும். குழம்புக்குத் துணை சோறுதான்.

சாப்பாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் மனைவி வடகம் தாளித்து ஆட்டுக்கறி ரகு, அதாவது பிரெஞ்சு பாணிக் கறிக்குழம்பு, வைத்தாள். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, நாள் கணக்கில் மொட்டைமாடியில் காயவைத்து உருட்டுகிற அந்த வடகம்தான் பிரான்சில் 'வடூவான்' என்ற பெயரில் கறிப்பொடியாகக் கடைகளில் இருக்கிறதாம். நம் பாட்டிகள் காக்காய் விரட்டிக் காயவைத்த சாமான். பிரான்ஸ்காரன் இதைச் சொன்னதும் கோயம்புத்தூர்க்காரன் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை ஐந்தரைக்கெல்லாம் கடற்கரைச் சாலைக்கு இழுத்துப் போனேன். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை அங்கே வண்டி விடமாட்டார்கள், காலாற நடக்கலாம். ஆனால் காந்தி சிலை தாண்டிப் போனால் பாறைகளுக்கு நடுவே முந்தின ராத்திரியின் உடைந்த பாட்டில்கள். முந்தின நாள் சாயங்காலம் இருபது வயதுகூட ஆகாத மாதிரி இருந்த பையன் ஒருவன் அங்கேயே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான், நண்பர்கள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஊர் பார்க்க வந்தார்களா என்று கேட்டால் கடை பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் அரிக்கமேடு, ரோமானியரோடு வியாபாரம் நடந்த பழைய துறைமுகம் இருந்த இடம். கடலூர் சாலையில் அரியாங்குப்பம் தாண்டி, காக்காயந்தோப்பு, ஆற்றோரம். ஊரிலிருந்து அதிக தூரம்கூட இல்லை, ஆனால் பாண்டிக்குப் பத்து முறை வந்த மதுரைக்காரன் அந்தப் பேரையே கேட்டதில்லை. 1945-இல் பிரிட்டிஷ் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இங்கே கிடைத்தது ரோமானியர் காலத்து ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள். இரண்டு கைப்பிடி, கூரான அடிப்பாகம், கப்பலின் அடித்தளத்தில் வரிசையாகச் சாய்த்து அடுக்குவதற்குத் தோதான வடிவம். கிரேக்கத்துக் கோஸ் தீவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஒயின் அதில்தான் வந்தது, ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் கூட வந்திருக்கிறது. யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலை, அதாவது மதுவை, புறநானூறு சும்மா பாடவில்லை. இதைச் சொன்னபோது பிரான்ஸ்காரன் சிரித்துவிட்டு, "அப்போ நான் கொண்டுவந்தது ஒன்றும் புதுசில்லை, அவன் பாய்மரக் கப்பலில் கெடாமல் கொண்டுவந்திருக்கிறான், நீ டிக்கியில் கெடுத்துவிட்டாய்" என்றான். சரி, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் அங்கே போனால் என்ன இருக்கிறது? தோப்பு, பிற்காலத்து மிஷன் கட்டடத்தின் இடிந்த செங்கல் சுவர், அவ்வளவுதான். நாங்கள் போன அன்று கதை சொல்ல ஒரு ஆள் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. கிடைத்த பொருள்களில் சிலவற்றைப் பாரதி பூங்கா பக்கத்து அருங்காட்சியகத்தில் பார்க்கலாம், அதனால் முதலில் அங்கே போய்விட்டு அரிக்கமேட்டுக்குப் போனால் ஏதாவது புரியும், நாங்கள் தலைகீழாகச் செய்தோம். நோணாங்குப்பம் படகுத் துறையில் ஒரு சவாரி, சாயங்காலம் சுண்டல், அதோடு அந்த நாள் முடிந்தது.

என் வேண்டுகோள் இதுதான் ஐயா. அடுத்த முறை புதுச்சேரி பற்றி எழுதினால் அரிக்கமேட்டுக்கு ஒரு பத்தி கொடுங்கள். அங்கே சனி, ஞாயிறு மட்டுமாவது தமிழில் விளக்கிச் சொல்ல ஒரு வழிகாட்டியும் ஒரு தண்ணீர்க் குழாயும் வைக்கச் சொல்லி எழுதுங்கள், உங்கள் பேப்பரில் வந்தால் யாராவது காதில் விழும். விலைப்பட்டியல் எங்கள் ஊர்க் கடை வாசலிலேயே இருக்கிறது, அதைப் போட வேண்டியதில்லை.

மதுரைக்காரன் கிளம்பும்போது இரண்டு பாட்டில் எடுத்துப் போகலாமா என்று கேட்டான். செக்போஸ்டில் பிடித்தால் ஜாமீனுக்கு நான் வரமாட்டேன் என்றேன். கடைசியில் அரை கிலோ வடகத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். வழியில் பையைத் திறக்கச் சொன்ன காவலர் வாசனை அடித்ததும் அப்படியே மூடி, "போங்க சார்" என்று அனுப்பிவிட்டாராம்.

இப்படிக்கு,
லாஸ்பேட்டை வாசகர்,
புதுச்சேரி