முடித்த நாளையே கணக்கில் எடுங்கள்: புள்ளிக் கணக்கு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தரைப்படையின் பகுதிநேரப் பிரிவான ரிசர்வில் உள்ள வீரர்களின் ஓய்வூதியப் புள்ளிக் கணக்கை வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

ஓய்வூதியத்துக்கு எண்ணப்படும் தகுதி ஆண்டு ஆக ஓர் ஆண்டில் 50 புள்ளி வேண்டும். 48 புள்ளியில் நின்றுபோன ஓர் ஆண்டைப் பற்றி எழுதுகிறோம். மீதி 2 புள்ளிக்கான பாடத்தை அந்த வீரர் காலத்துக்குள்ளேயே முடித்துவிட்டார். தேறியதற்கான சான்றிதழில் தேதி தெளிவாக இருக்கிறது. அவருடைய ஆண்டு முடிய அப்போது இன்னும் 3 நாள் பாக்கி. ஆனால் அந்தப் பாடம் புள்ளிக் கணக்கில் ஏறியது 11 நாள் கழித்து. அதனால் 2 புள்ளியும் அடுத்த ஆண்டின் வரவில் போய் விழுந்தன. முடிந்த ஆண்டு 48 என்று நின்றது, தகுதி ஆண்டு இல்லை என்றும் ஆனது. இப்படி எங்கள் கைக்கு வரும் முதல் அறிக்கை இது அல்ல. அதனால்தான் பொதுவில் எழுதுகிறோம்.

எங்கள் கோரிக்கை ஒன்றே. அஞ்சல்வழிப் பாடத்துக்கான புள்ளியை, வீரர் தேர்வெழுதித் தேறிய நாள் எந்த ஆண்டில் வருகிறதோ அந்த ஆண்டில் வரவு வையுங்கள். உங்கள் பதிவேட்டில் ஏறிய நாளைப் பார்த்து வைக்காதீர்கள்.

விதிகள் உங்களுக்குத் தெரியும். இதை ஊரில் இருந்து வாசிக்கப்போகும் பெற்றோருக்கும் துணைவர்களுக்கும் தெரியாது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ரிசர்வ் வீரருக்கு ஓய்வூதியம் தரும் ஏற்பாடு 1948இல் சட்டமானது. 20 தகுதி ஆண்டுகள் சேர்ந்தால்தான் ஓய்வூதியம். பொதுவாக 60 வயதில் கைக்கு வரும். ஓர் ஆண்டு தகுதி ஆண்டு ஆக 50 புள்ளி வேண்டும். படையில் பெயர் இருப்பதற்காக ஆண்டுக்கு 15 புள்ளி தானாக வரும். 4 மணி நேர ட்ரில் (யூனிட்டில் நடக்கும் பயிற்சி அமர்வு) ஒன்றுக்கு 1 புள்ளி, ஒரு வார இறுதிக்கு வழக்கமாக 4. முழுநேரப் பணியில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 1 புள்ளி. அஞ்சல்வழிப் பாடத்துக்கு, பாடத்துக்கென்று குறித்த மணிக்கணக்கில் 3 மணிக்கு 1 புள்ளி.

மாதம் தவறாமல் ட்ரில் போகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. 48 ட்ரில், 14 நாள் வருடாந்தர முகாம், அந்த 15 என்று கூட்டினால் 77 வந்துவிடும். கவலை எல்லாம் ஐஆர்ஆர் (Individual Ready Reserve) என்ற, தேவைப்பட்டால் அழைப்பதற்கான தனிவீரர் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான். அவர்களுக்கு யூனிட் கிடையாது, ட்ரில் கிடையாது, சம்பளமும் கிடையாது. 15 போக மீதி 35 புள்ளியை அவர்களே தேடிக்கொள்ள வேண்டும். பாடங்கள் மூலமாகவே தேடினால் 105 மணி. பகலில் வேலைக்குப் போய்விட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, இரவில் உட்கார்ந்து படித்துச் சேர்க்கும் 105 மணி. ஒரு சதம்கூடச் சம்பளம் இல்லாத மணிகள்.

இதில் தமிழர்களுக்கு என்ன என்று கேட்கலாம். 2009இல் படை மேவ்னி என்ற திட்டத்தைத் தொடங்கியது. பச்சை அட்டைகூட இல்லாத, மாணவர் விசாவிலும் வேலை விசாவிலும் இருந்தவர்களை அவர்களுடைய மொழிக்காகவும் மருத்துவத் தகுதிக்காகவும் சேர்த்துக்கொண்ட திட்டம். மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016இல் புதிய சேர்க்கை நின்றுவிட்டது. படையில் சேரும் எவருக்கும் மொத்தம் 8 ஆண்டுக் கடமை உண்டு. மொழிக்காக வந்தவர்கள் 4 ஆண்டு முழுநேரப் பணியை முடித்து வெளியே வந்ததும், தொடர்ந்து யூனிட்டில் சேராதவர்களின் மீதி 4 ஆண்டு ஐஆர்ஆரில் கழிந்தது. பிறகு மனம் மாறி ரிசர்வ் யூனிட்டில் சேர்ந்தவர்கள் பலர். இப்போது அவர்கள் 20ஐ நோக்கி எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எண்ணும்போதுதான் அந்த 4 ஆண்டின் கணக்குக் கண்ணில் படுகிறது: 15, 15, 15, 15. பாடம் படித்திருந்தால் நான்கும் தகுதி ஆண்டுகளாக ஆகியிருக்கும். படிக்கலாம் என்று அன்றைக்குச் சொல்ல ஆள் இல்லை.

சொல்ல ஆள் கிடைத்துப் படித்தவர்களுக்கும் 48இல் நிற்கும் கதிதான் என்றால், பிறகு யாரிடம் போய்ப் படியுங்கள் என்று நாங்கள் சொல்வது?

2 புள்ளியின் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய ஓய்வூதியத் திட்டத்தில், மொத்தப் புள்ளியை 360ஆல் வகுத்து 2.5 விழுக்காட்டால் பெருக்கினால் அடிப்படைச் சம்பளத்தில் கிடைக்கும் பங்கு வரும். அடிப்படைச் சம்பளம் மாதம் 5,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், 2 புள்ளி மாதத்துக்கு 69 சென்ட். முழு 35 புள்ளியும் சேர்ந்தே 12 டாலர்தான். அந்த 48 புள்ளியும் அழிந்துவிடவில்லை. ஓய்வூதியம் வந்தால் தொகையில் சேரும். அழிவது ஆண்டு. 19 தகுதி ஆண்டு இருப்பவருக்கு, சட்டம் தனியாக விலக்குத் தந்திருந்தால் ஒழிய, ஓய்வூதியமும் இல்லை. 60 வயதுக்குப் பின் வரும் மருத்துவக் காப்பும் இல்லை. 69 சென்ட் பெறுமானமுள்ள ஒரு வரவு வேறு கட்டத்தில் விழுந்ததற்காக அவர் இன்னும் ஓர் ஆண்டு, 12 வார இறுதிகளும் 2 வார முகாமும் போய்வர வேண்டும். 40 வயது கடந்த உடம்போடு, ஓட்டப் பரிசோதனையில் மறுபடி தேறி, அந்த ஆண்டில் படை வெளிநாட்டுக்கு அனுப்பினால் அங்கேயும் போய்.

தவறு எங்கே நடக்கிறது என்பதும் தெரிந்ததுதான். வெர்ஜீனியாவில் ஃபோர்ட் யூஸ்டிஸிலிருந்து பாடப் புத்தகம் தபாலில் வந்து, விடைத்தாள் தபாலில் திரும்பிப் போன காலத்தில் சில வாரத் தாமதம் இயல்பு. அதை எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். இன்று தேர்வு திரையிலேயே முடிந்து, மதிப்பெண் அடுத்த நொடியில் தெரிகிறது. தாமதம் அதற்குப் பிறகு. படிக்கும் தளம் ஒன்று, பயிற்சிப் பதிவேடு ஒன்று, புள்ளிக் கணக்கு ஒன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பதிவு நகரும்போது கூடவே எந்தத் தேதி போகிறது என்பதுதான் கேள்வி. தேறிய தேதி போனால் சிக்கலே இல்லை. வந்து சேர்ந்த தேதி அதன் இடத்தில் உட்கார்ந்தால், ஆண்டின் கடைசி வாரங்களில் படித்தவர் அத்தனை பேரும் அடிபடுகிறார்கள்.

ஆண்டின் முடிவும் எல்லோருக்கும் ஒரே நாள் அல்ல. காலண்டர் ஆண்டும் அல்ல, செப்டம்பர் 30இல் முடியும் அரசின் நிதியாண்டும் அல்ல. அவரவர் சேர்ந்த தேதியிலிருந்து ஓடும் ஆண்டு. நடுவில் படையை விட்டு முழுதாக விலகி மறுபடி சேர்ந்தால் அந்தத் தேதியும் மாறிவிடும். டிசம்பர் வரை நேரம் இருக்கிறது என்று நம்பி இருந்தவருடைய ஆண்டு ஆகஸ்டிலேயே முடிந்திருக்கும். இது வீரரின் கவனக்குறைவு என்று சொல்வீர்கள். அந்தத் தேதி உங்கள் பதிவேட்டில் எப்போதும் இருக்கிறது. ஆண்டு முடிய 90 நாள் இருக்கும்போது “உங்களுக்கு இன்னும் இத்தனை புள்ளி குறைகிறது” என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்ப என்ன தடை?

சேரும்போதே தெரிய வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. சான்றிதழ் தரும் பாடம் எல்லாம் புள்ளி தராது. மணிக்கணக்குக் குறிக்காத பாடத்தை ராத்திரி முழுக்கப் படித்தாலும் வரவு சுழியம். முன்பே முடித்த பாடத்தைத் திரும்ப முடித்தாலும் சுழியம். முழுநேர ஆணையில் இருக்கும் நாளுக்கு ஏற்கெனவே 1 புள்ளி கிடைத்துவிட்டதால், அந்த நாளுக்கு மேல் இன்னொன்று ஏறாது. இவை நியாயமான விதிகள், நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பாடத்தில் சேரும் பக்கத்திலேயே “6 மணி, 2 புள்ளி” என்று எழுதியிருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இப்போதைக்கு நாங்கள் வீரர்களிடம் சொல்லிவருவது இது: கடைசி 60 நாளுக்கு எந்தப் பாடத்தையும் மிச்சம் வைக்காதீர்கள். 50இல் நிறுத்தாமல் 56, 60 வரை போங்கள். தேறியதும் மதிப்பெண் பக்கத்தைத் தேதியோடு படம் எடுங்கள், சான்றிதழைத் தரவிறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். உங்கள் புள்ளிகளை ஆண்டுவாரியாகக் காட்டும் 5016 படிவ அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்து, பாடங்களுக்கான கட்டத்தை வரி வரியாக ஒப்பிடுங்கள். மாநிலங்களின் படையான நேஷனல் கார்டிலிருந்து (National Guard) ரிசர்வுக்கு மாறியவர்கள், அங்கே புள்ளிக் கணக்கு வைத்திருந்த 23ஆம் எண் படிவத்தையும் கையோடு கொண்டுவாருங்கள். அங்கே இருந்த ஆண்டு இங்கே காணாமல் போயிருக்கலாம். இவ்வளவும் வீரர் செய்ய வேண்டியிருப்பது, பதிவேட்டை நம்ப முடியாததால்.

தவறு நடந்த பின் திருத்துவது இதைவிடக் கடினம். யூனிட்டில் இருப்பவருக்காவது சான்றிதழை வாங்கி மேலே அனுப்ப ஓர் அலுவலர் இருக்கிறார். ஐஆர்ஆர் வீரருக்கு யாரும் இல்லை. தானே எழுத வேண்டும், தானே நினைவூட்ட வேண்டும். அதிலும் நடக்காவிட்டால், பதிவைத் திருத்தக் கோரும் டிடி 149 படிவத்தை நிரப்பி, படைப் பதிவுத் திருத்த வாரியத்துக்குப் போக வேண்டும். பிழை தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு கெடு. தாண்டினால் நீதியின் பொருட்டு மன்னிக்கும்படி கேட்க வேண்டும். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். 2 புள்ளிக்காக, இரண்டு தேதிகளில் எது சரி என்று ஒரு வாரியம் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. 20 ஆண்டு முடிந்ததை அறிவிக்கும் கடிதம் கைக்கு வந்த பிறகு, மோசடி இருந்தால் ஒழிய அதைத் திரும்பப் பெற முடியாது என்று சட்டம் வீரரைக் காக்கிறது. அந்தக் கடிதம் வரும்வரை அவரைக் காக்க வேண்டியது உங்கள் பதிவேடு.

இந்தப் பாடப் புள்ளிகளே ஒரு சலுகை, இதில் இவ்வளவு கேட்கலாமா என்று சிலர் நினைப்பது எங்களுக்குத் தெரியும். முழுநேரப் பணியில் சேராத புள்ளிகளுக்கு ஆண்டுக்கு 60 என்று இருந்த உச்சவரம்பை நாடாளுமன்றம் 1996இல் 75 ஆக்கியது, 2000இல் 90, பிறகு 2007 முதல் 130. இந்த உழைப்பு மதிக்கப்பட வேண்டும் என்று சட்டம் இயற்றியவர்கள் மூன்று முறை சொல்லிவிட்டார்கள். மேலே திறந்த கதவைக் கீழே ஒரு தேதிக் கட்டம் அடைத்துவைத்திருக்கிறது.

எங்கள் ஆதங்கம் புள்ளியோடு நிற்கவில்லை. மொழி வேண்டும் என்று தேடிப்பிடித்துச் சேர்த்தீர்கள். அப்பா பெயரைக் கடைசிப் பெயராக எழுதும் எங்கள் வழக்கம் உங்கள் படிவத்தில் பொருந்தவில்லை. ஒற்றைப் பெயர் கொண்டவர்களுக்கு “முதற்பெயர் தெரியாது” என்று பொருள்படும் மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டது. குடியுரிமை வாங்கும்போது பெயரை மாற்றிக்கொண்டவர்கள், பழைய பெயரில் உள்ள சான்றிதழும் தங்களுடையதுதான் என்று ஒவ்வொரு இடத்திலும் நிரூபித்துக்கொண்டிருக்கிறார்கள். முழுநேரப் பணி முடிந்து வெளியே வந்த நாளில் கையெழுத்து வாங்கக் கொடுத்த தாள்கள் ஏராளம். 50, 15, 35, 105 என்ற நான்கு எண்களை எழுதிய ஒரு தாள் அவற்றில் இருந்திருந்தால் எத்தனை ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்!

கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேசையில் வேலை செய்பவர்களின் மீது எங்களுக்கு வருத்தம் இல்லை. தொலைபேசியில் பொறுமையாகப் பேசிச் சான்றிதழை வாங்கிச் சரிசெய்து கொடுத்தவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

ஆகவே பணிவோடு மறுபடி கேட்கிறோம். பாடத்தில் தேறிய நாளையே கணக்கில் எடுங்கள். தேர்வு முடிந்ததும் “இன்ன தேதி, இத்தனை புள்ளி, இன்ன தேதியில் முடியும் ஆண்டின் கணக்கில்” என்று ஒரு ரசீது கொடுங்கள். ஏற்கெனவே போன ஆண்டுகளுக்கு, 45 முதல் 49 புள்ளியில் நிற்கும் பதிவுகளை மட்டும் முதலில் எடுத்து, பாடம் முடிந்த தேதியையும் பதிவான தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு தேதிக்கும் நடுவில் ஆண்டு முடிவு வருகிறதா என்று பார்த்தால் போதும். வீரர் விண்ணப்பிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

நாங்கள் சொன்ன அந்த வீரர் சான்றிதழை அனுப்பிவிட்டார். அவருடைய 48ஐ 50 ஆக்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ரிசர்வ் வீரர்களின் புள்ளி அறிக்கைகளைச் சரிபார்க்க உதவும் தமிழர்கள்