நீ கேட்ட கேள்வி, மாலதி

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது லூபஸ் இருந்ததா?" என்று நீ அக்கறையோடுதான் கேட்டிருந்தாய். ஆனால் அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. நம் எதிர்ப்பு மண்டலமே நம் உடம்பைத் தாக்கும் இந்த நோயை நான்தான் மகளுக்குக் கொடுத்துவிட்டேனோ என்று ஏற்கெனவே மனசு அரித்துக்கொண்டிருந்தது. அப்புறம் உட்கார்ந்து படித்தேன், டாக்டரையும் விடாமல் கேட்டேன்.

நம் உடம்பில் தினமும் கோடிக்கணக்கான செல்கள் சாகின்றன. அவற்றை விழுங்கி அப்புறப்படுத்தத் தனி செல்கள் இருக்கின்றன. சி1க்யூ என்ற புரதம் செத்த செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு அதை அடையாளம் காட்டுகிறது. இந்தப் புரதம் இல்லாமல் பிறப்பவர்கள் மிக அபூர்வம். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு லூபஸ் வந்துவிடுகிறதாம்! இதைப் படித்தபோதுதான் எனக்கு முடிச்சு அவிழ்ந்தது. அள்ளாமல் விட்ட செல் சிதைந்து, உள்ளே இருக்க வேண்டிய டிஎன்ஏ வெளியே கொட்டுகிறது. அதை ஏதோ வைரஸ் என்று எதிர்ப்பு மண்டலம் எடுத்துக்கொள்கிறது. வைரஸ் வந்துவிட்டது என்று எச்சரிக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் சுரக்கிறது. சொந்த டிஎன்ஏவுக்கு எதிராகவே ஆன்டிபாடி உருவாகி, இரண்டும் பிணைந்து சிறுநீரக வடிகட்டிகளில் போய்ப் படிகின்றன. மகளுக்குச் சிறுநீர் நுரைத்ததும் கால் வீங்கியதும் இதனால்தான். வெயில் ஆகாது என்பதற்கும் இதுவே காரணம். புற ஊதாக் கதிர் பட்டுத் தோல் செல்கள் சாகச் சாக, அள்ள வேண்டியது கூடிக்கொண்டே போகிறது.

இந்த நோய் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். ஹார்மோனுக்கும் பங்கு உண்டு. ஆனால் வைரஸைக் கண்டுகொள்ளும் டிஎல்ஆர்7 என்ற ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணின் இரண்டு எக்ஸில் ஒன்று அடங்கிக் கிடக்க வேண்டும். ஆனால் இந்த ஜீன் சில செல்களில் அடங்குவதில்லை. கூடுதலாக ஒரு எக்ஸோடு பிறக்கும் ஆண்களுக்கு, மற்ற ஆண்களைவிட லூபஸ் வரும் வாய்ப்பு சுமார் 14 மடங்கு. ஒரு சிறுமிக்கு இந்த ஒரே ஜீனில் இருந்த மாற்றத்தால்தான் லூபஸ் வந்தது என்று 2022-இல் நிரூபித்திருக்கிறார்கள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு, ஆனால் அச்சு அசலான இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். பரீட்சை நேரத்தில் நான் அவளைத் திட்டியதுதான் காரணம் என்றும் நினைத்து அழுதிருக்கிறேன். அறிகுறி தெரிவதற்குப் பல வருடம் முன்பே ரத்தத்தில் ஆன்டிபாடி வந்துவிடுவதுண்டு என்று தெரிந்த பிறகுதான் அந்த அழுகை நின்றது.

ஸ்டீராய்டைக் குறைத்திருக்கிறார்கள். முகம் பழையபடி ஆகிவருகிறது. அடுத்த மாதம் மறுபடியும் சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும், முடிவு வந்ததும் எழுதுகிறேன். உன் மூட்டு ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்றா?

அன்புடன்,
சுமதி