வீட்டு இன்குபேட்டர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கோழி முட்டைகளைச் சூட்டில் வைத்துப் பொரிக்க நீங்கள் விற்கும் சிறிய இன்குபேட்டர்களின் மூடியில் 37.5 என்று ஒளிர்கிறது. அதை நம்பித்தான் வாங்கியவர் முட்டை அடுக்குகிறார். அந்த எண் பெட்டிக்குள் எந்த இடத்துச் சூடு, நிஜத்தில் அது எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பதைப் பல கையேடுகள் சொல்வதே இல்லை. புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம் காட்டுவதால் மட்டும் அளவு துல்லியமாகிவிடாது.

விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி செல்சியஸ் சரி. விசிறி இல்லாததில் சூடான காற்று மேலேயே தங்கும். அங்கே முட்டைகளின் உச்சி மட்டத்தில் அளந்து 38.5 அளவில் வைக்க வேண்டும். சென்சாரை மூடியோடு ஒட்டிவிட்டால் அது முட்டையின் கதையைச் சொல்லாது.

ஒரு டிகிரிதானே என்று தோன்றும். சூடு தொடர்ந்து குறைந்தால் 21ஆம் நாள் பொரிக்க வேண்டியது 22, 23 என்று தள்ளிப்போகும். கூடினால் குஞ்சு முன்கூட்டியே, தொப்புள் சரியாக மூடாமல் வெளியே வரும். இரண்டில் மோசமானது மிகைச் சூடுதான். சற்று நேரம் மின்சாரம் போய்க் குளிர்ந்த முட்டை பெரும்பாலும் தப்பிவிடும். அடைக்கோழியும் இரை தேட எழுந்து போகிறதே. 40 டிகிரியைத் தாண்டி நின்றால் கரு தாங்காது. ஆனாலும் சூடு ஏறினாலும் இறங்கினாலும் ஒரே ‘கீச்’ சத்தம் வைத்திருக்கிறீர்கள். மிகைச் சூட்டுக்கு ஹீட்டரைத் துண்டிக்கும் தனித் தெர்மோஸ்டாட் ஒன்று வையுங்கள். வழக்கமாகச் சூட்டைக் கட்டுப்படுத்தும் முதல் தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைக்காமல் ஒட்டிக்கொண்டால் காப்பாற்ற வேறு வழியில்லை.

இன்னொன்று. கடைசி வாரத்தில் வளர்ந்த கருக்களே சூட்டை வெளிவிடும். நெருக்கமாக அடுக்கிய முட்டைகள் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும். முதல் நாள் பார்த்துச் சரிசெய்ததோடு விட்டுவிடக் கூடாது என்று கையேட்டில் எழுதுங்கள்.

வெளியிலிருந்து இரண்டாவது தெர்மாமீட்டரின் முனையை நுழைக்க ஒரு துளை போதும், பாதிக் குழப்பம் தீரும். அந்தத் தெர்மாமீட்டரையும் சோதிக்க வேண்டுமே என்பீர்கள். நீர் புகாத முனை என்றால், 37, 38 டிகிரி வெந்நீரில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரோடு சேர்த்துப் பிடித்து ஒப்பிடலாம். நமக்கு வேண்டிய எல்லையில்தான் காய்ச்சல் தெர்மாமீட்டர் நன்றாக அளக்கும். ஏறிய உச்சத்திலேயே நின்றுவிடும் என்பதால் பெட்டிக்குள் வைத்துக் கண்காணிக்க அது உதவாது. வித்தியாசத்தைத் திருத்திப் பதியும் வசதி சில கருவிகளில் இருக்கிறது. எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துவது என்றுதான் தெரிவதில்லை.

தானாக முட்டை திருப்பும் மோட்டாரைப் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். திருப்புவது 18ஆம் நாள் வரைதான், கையாலும் முடியும். நள்ளிரவில் உள்ளே 39.5 ஏறி இறங்கியதைக் காலையில் யார் சொல்வது? அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைத்துக் காட்டும் திரையை, மோட்டாருக்கு முன்னால், அடிப்படை மாடலிலேயே கொடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டில் குஞ்சு பொரிக்கும் ஒருவர்